செருப்புத் தொழிலாளியின் மகன் சேனாதிபதி ஆனார்

கி.மு. 390-ம் ஆண்டு. கிரேக்க நாட்டில், கொரிந்து வளைகுடாவின் கரையில், ஹீரா தேவியின் கோயிலுக்கு அருகே ஓர் ஏரி இருந்தது. அதன் கரையில் ஸ்பார்ட்டா மன்னர் அஜெசிலேயஸ் அமர்ந்திருந்தார். பிடிபட்ட கைதிகளும் கொள்ளைப் பொருள்களும் அவர் எதிரே வரிசையாகக் கொண்டு செல்லப்பட்டன. சற்றுத் தள்ளி பீயோஷியா நாட்டுத் தூதர்கள் காத்து நின்றார்கள். சமாதானம் செய்துகொள்ள என்ன நிபந்தனை என்று கேட்டுப் போக வந்தவர்கள் அவர்கள். மன்னர் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்றைக்குக் கிரேக்க உலகத்தில் ஸ்பார்ட்டாவின் மன்னர் யாரையும் ஏறெடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்போது வியர்த்துக் கொட்டும் குதிரை ஒன்றில் ஒருவன் விரைந்து வந்தான். என்ன செய்தி என்று வழியில் பலர் கேட்டார்கள். அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மன்னர் அருகே வந்ததும் குதித்து இறங்கி, இருண்ட முகத்துடன் ஓடிச் சென்று விஷயத்தைச் சொன்னான். லெக்கேயம் துறைமுகத்தில் இருந்த ஸ்பார்ட்டாப் படைப்பிரிவு சின்னாபின்னமாகிவிட்டது!

மன்னர் துள்ளி எழுந்தார், ஈட்டியைக் கையில் எடுத்தார், தளபதிகளைக் கூப்பிடச் சொன்னார். சாப்பாட்டுக்குக்கூட நில்லாமல் புறப்பட்டார். ஆனால் இறந்தவர்களின் உடல்களை மீட்டாயிற்று என்ற தகவல் வழியிலேயே வந்து சேர்ந்தது. இனிப் போய்ச் செய்வதற்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்தார்.

ஸ்பார்ட்டா வீரர்கள் போரில் சாவது புதிது அல்ல. அவர்களைக் கொன்றவர்கள் யார் என்பதுதான் கிரேக்க நாட்டையே திடுக்கிட வைத்தது. அவர்கள் கவசம் அணிந்த வீரர்கள் அல்ல. பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகளும் அல்ல. ஆட்டுத்தோல் போர்த்த சிறு கேடயமும், கையில் இரண்டொரு எறியீட்டியும் தவிர வேறு எதுவும் இல்லாத கூலிப்படையினர். அவர்களை நடத்திச் சென்றவர் இருபது வயதுகளில் இருந்த ஓர் இளைஞர். பெயர் இபிக்ராட்டிஸ். ஏதென்ஸைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி.

கவசம் வாங்கக் காசு வேண்டும்

இந்த வெற்றியின் அருமை தெரிய வேண்டுமானால், அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று சிறிது பார்க்க வேண்டும்.

கிரேக்க நகரங்களின் முதுகெலும்பு, ஹாப்லைட் எனப்படும் கனரகக் காலாட்படை வீரன். தலையில் வெண்கலத் தொப்பி, மார்பில் கவசம், முழங்காலுக்குக் கீழே வெண்கலத் தகடு, இடக்கையில் மூன்றடி அகலமுள்ள வட்டக் கேடயம், வலக்கையில் ஏழெட்டு அடி நீள ஈட்டி. இப்படிப்பட்டவர்கள் தோளோடு தோள் ஒட்டி, பெரும்பாலும் எட்டு வரிசை ஆழத்துக்கு நிற்பார்கள். ஒருவனுடைய கேடயம் அவனையும் காக்கும், அவனுக்கு இடப்புறம் நிற்பவனையும் காக்கும். இந்த மனிதச் சுவர் அப்படியே நகர்ந்து போய் எதிரியின் சுவரோடு மோதும். எந்தச் சுவர் முதலில் உடைகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. மோதுவதற்குச் சமதரையான வயல்வெளி வேண்டும். அதையும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டே வந்து நிற்பார்கள்.

இந்த ஆயுதங்களை அரசாங்கம் கொடுப்பதில்லை. அவரவர் காசு போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே சொந்த நிலமோ நல்ல வருமானமோ உள்ளவனே ஹாப்லைட் ஆக முடியும். அதற்கு வசதி இல்லாத ஏழை, கப்பலில் துடுப்புப் போட்டான். அல்லது கல்லும் கவணும் எறியீட்டியும் எடுத்துக்கொண்டு படையின் ஓரத்தில் ஓடினான். அவன் செய்த காரியத்தைச் சரித்திரம் எழுதியவர்கள் பெரிதாக மதித்து எழுதவில்லை. வரிசையில் நின்று எதிரியின் முகத்தைப் பார்த்துக் குத்துவதே ஆண்மை. தூர இருந்து எறிந்துவிட்டு ஓடுவது கோழைத்தனம் என்பது அன்றைய எண்ணம். பணம் படைத்தவனுக்கு வசதியான எண்ணம்தான்!

வடக்கே திரேஸ் நாட்டு மலைவாசிகளுக்கு இந்த எண்ணமெல்லாம் கிடையாது. அவர்கள் பிரம்பால் பின்னி ஆட்டுத்தோல் போர்த்திய பிறைவடிவக் கேடயம் வைத்திருந்தார்கள். அதற்குப் பெல்ட்டே என்று பெயர். அதை ஏந்தியவர்கள் பெல்ட்டாஸ்டுகள். உடம்பில் கவசம் இல்லை, தலையில் நரித்தோல் குல்லாய். எறியீட்டியின் தண்டில் ஒரு தோல்வாரைச் சுற்றி, அதன் வளையத்தில் விரலை நுழைத்துக்கொண்டு வீசுவார்கள். வார் அவிழும் வேகத்தில் ஈட்டி சுழன்றுகொண்டு போகும். அதனால் குறி தவறாது, தூரமும் அதிகம். வீசியதும் திரும்பி ஓடிவிடுவார்கள். சுமை சுமந்த ஹாப்லைட் துரத்திப் பிடிப்பதாவது!

இவர்களால் என்ன முடியும் என்பதற்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருந்தன. கி.மு. 426-ல் ஏதென்ஸ் தளபதி டெமாஸ்தனிஸ், ஏட்டோலியா மலைக்காட்டில் எறியீட்டிக்காரர்களிடம் அகப்பட்டு 120 ஹாப்லைட்டுகளைப் பறிகொடுத்தார். (இவர் பிற்காலத்துப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் அல்ல.) அடி வாங்கிய மனிதர் பாடம் கற்றுக்கொண்டார். மறு ஆண்டே ஸ்ஃபாக்டீரியா தீவில் 420 ஹாப்லைட்டுகளைக் கொண்ட ஸ்பார்ட்டாப் படையை வில்லாளிகளையும் எறியீட்டிக்காரர்களையும் விட்டுச் சுற்றி வளைத்தார். எஞ்சிய 292 பேர் ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைந்தார்கள். இருந்தும் அதைத் தீவில் நடந்த ஒரு விபத்தாகவே எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். சமவெளியில், பட்டப்பகலில் அப்படி நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

பூச்சாண்டிப் படை

இபிக்ராட்டிஸ் பிறந்தது சுமார் கி.மு. 415-ல். ஆட்டிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ராம்னஸ் அவருடைய ஊர். அவர் பையனாக இருந்த காலத்தில்தான் ஏதென்ஸ், ஸ்பார்ட்டாவோடு நடத்திய நீண்ட யுத்தத்தில் தோற்று, கி.மு. 404-ல் தன் மதில்களை இடித்துக்கொடுத்துப் பணிந்தது. கப்பல்கள் போயின, சாம்ராஜ்யம் போயிற்று. தோற்ற நகரத்தில் வளர்ந்த பிள்ளை அவர்.

பத்து ஆண்டுகளுக்குள் காலம் மாறியது. ஸ்பார்ட்டாவின் ஆதிக்கம் பொறுக்காமல் ஏதென்ஸ், தீப்ஸ், கொரிந்து, ஆர்காஸ் ஆகிய நான்கு நகரங்களும் கி.மு. 395-ல் ஒன்றுசேர்ந்து போர் தொடங்கின. பாரசீகம் தங்கம் கொடுத்தது. ஏதென்ஸ் கடற்படைத் தளபதி கோனான், பாரசீகக் கப்பல்களுடன் சென்று கி.மு. 394-ல் நைடஸ் அருகே ஸ்பார்ட்டாவின் கடற்படையை மூழ்கடித்தார். அதே பாரசீகப் பணத்தைக் கொண்டுவந்து ஏதென்ஸின் நெடுமதில்களைத் திரும்பக் கட்டினார். கொரிந்தில் ஒரு கூலிப்படையையும் அமைத்தார். அதன் தலைமை இபிக்ராட்டிஸுக்குக் கிடைத்தது. கப்பற்சண்டை ஒன்றில் எதிரிக் கப்பலுக்குள் தாவி, ஆயுதம் தரித்த ஓர் ஆளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார், அதனால்தான் பெயர் வெளியே வந்தது என்று ஒரு கதை உண்டு.

படை கிடைத்ததே தவிர, அது உருப்படியான படையாக இல்லை. பல ஊர்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். இவர்களை இபிக்ராட்டிஸ் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவிடவில்லை. ஓடு, வீசு, பின்வாங்கு, திரும்பு, மறுபடி வீசு என்று ஓயாத பயிற்சி. நட்பு நாட்டில் தங்கினாலும் முகாமைச் சுற்றி அகழி வெட்ட வேண்டும். இங்கே யார் வரப்போகிறார்கள் என்று சிலர் அலுத்துக்கொண்டபோது, இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்று சொல்வது ஒரு தளபதி வாயில் வரக்கூடாத பேச்சு என்று அவர் விளக்கினாராம். கொரிந்தில் இரவுக் காவலைச் சுற்றிப் பார்க்கப் போனவர், தூங்கிக்கொண்டிருந்த காவல்காரனை ஈட்டியால் குத்திக் கொன்றார் என்பதும், கண்ட நிலையிலேயே அவனை விட்டுவந்ததாகப் பிறகு சொன்னார் என்பதும் இன்னொரு கதை. இதே கதையைத் தீப்ஸ் வீரர் எப்பாமினாண்டஸைப் பற்றியும் சொல்கிறார்கள். ஆகையால் இதை முழுக்க நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவரைப் பற்றி எப்படிப்பட்ட கதை கட்டினால் ஜனங்கள் நம்புவார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

சீக்கிரமே இந்தப் படையின் பெயர் பரவியது. ஃபிலியஸ் நகரத்தின் எல்லையில் பதுங்கியிருந்து தாக்கி, அந்நகரத்தாரில் மிகப் பலரைக் கொன்றார். அதுவரை ஸ்பார்ட்டாவைக்கூட ஊருக்குள் சேர்க்காத அந்த நகரம், பயந்துபோய் ஸ்பார்ட்டா வீரர்களை அழைத்து மதிலை ஒப்படைத்தது. ஆர்க்கேடியா நாட்டு ஹாப்லைட்டுகள் பெல்ட்டாஸ்டுகளைக் கண்டால் வெளியே வரவே மறுத்தார்கள்.

ஸ்பார்ட்டாக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. குழந்தைகள் பூச்சாண்டிக்குப் பயப்படுவதுபோல் நம் கூட்டாளிகள் இந்த ஈட்டிக்காரர்களுக்குப் பயப்படுகிறார்களே என்று பரிகாசம் செய்தார்கள். பரிகாசத்துக்குக் காரணமும் இருந்தது. அவர்களுடைய இளவட்டங்கள் ஒரு முறை பெல்ட்டாஸ்டுகளை ஓடித் துரத்திச் சிலரைப் பிடித்துக் கொன்றிருந்தார்கள். அதுமுதல் பெல்ட்டாஸ்டுகள் ஸ்பார்ட்டா வரிசையைக் கண்டால் எட்டியே நின்றார்கள்.

சிரித்தவர்கள்தான் லெக்கேயத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

திருவிழாவுக்குப் போனவர்களை வழியனுப்பி...

லெக்கேயம் என்பது கொரிந்து நகரத்தின் துறைமுகம். துறைமுகம் ஸ்பார்ட்டாவின் வசம், நகரம் எதிரிகளின் வசம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மைல்கூட இல்லை. ஸ்பார்ட்டாவை அடுத்த அமிக்லே ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் போர்முனையில் இருந்தாலும், ஹயசிந்தியா திருவிழாவுக்கு ஊர் திரும்பித் தோத்திரம் பாட வேண்டும். அந்த ஆண்டும் லெக்கேயத்தில் இருந்த அமிக்லேக்காரர்கள் புறப்பட்டார்கள். அவர்களுக்குத் துணையாகச் சுமார் 600 ஹாப்லைட்டுகள் கொண்ட ஒரு படைப்பிரிவும், ஒரு குதிரைப்படையும் சென்றன. கொரிந்தின் மதிலை ஒட்டியே பாதை போயிற்று. சிசியான் நகரத்தை நெருங்கியதும் காலாட்படைத் தலைவன் குதிரைப்படையை மேலே அனுப்பிவிட்டு, 600 பேரோடு வந்த வழியே திரும்பினான். கொரிந்துக்குள் பெல்ட்டாஸ்டுகள் இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பொருட்படுத்தவில்லை.

மதில்மேல் நின்ற இரண்டு பேர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதென்ஸின் பரம்பரைப் பணக்காரர் காலியாஸ், ஹாப்லைட்டுகளின் தலைவர். இன்னொருவர் செருப்புத் தொழிலாளியின் மகன். வருவது கொஞ்சம் பேர். கூட ஈட்டி எறிபவர்களும் இல்லை, குதிரையும் இல்லை. இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். காலியாஸ் தம் ஆட்களை நகரத்துக்கு அருகிலேயே அணிவகுத்து நிறுத்தினார். இபிக்ராட்டிஸ் பெல்ட்டாஸ்டுகளை அழைத்துக்கொண்டு பாய்ந்தார்.

முதல் வீச்சிலேயே சிலர் செத்தார்கள், சிலர் காயப்பட்டார்கள். காயப்பட்டவர்களை எடுத்துக்கொண்டு லெக்கேயத்துக்குப் போகுமாறு கேடயம் சுமக்கும் பணியாட்களுக்குத் தலைவன் உத்தரவிட்டான். அந்தப் படைப்பிரிவில் மெய்யாகவே தப்பியவர்கள் இவர்கள் மட்டுமே என்கிறார் செனபோன்.

பிறகு தலைவன் இளம் வீரர்களைத் துரத்தச் சொன்னான். ஸ்பார்ட்டாவின் வழக்கமான உபாயம் இது. அவர்கள் ஓடினார்கள். ஆனால் பெல்ட்டாஸ்டுகள் ஒரு ஈட்டி வீச்சு தூரத்தில் இருந்தார்கள். எட்டிப் பிடிப்பதற்கு முன்பே விலகிவிட்டார்கள். துரத்தியவர்கள் மூச்சு வாங்கச் சிதறித் திரும்பும்போது, முதுகிலும் கேடயம் இல்லாத வலப்பக்கத்திலும் ஈட்டிகள் வந்து விழுந்தன. ஒன்பது பத்துப் பேர் செத்தார்கள். அடுத்து இன்னும் சற்று மூத்த வயதினரையும் சேர்த்துத் துரத்தச் சொன்னான். இந்தத் தடவை அதைவிட அதிகம் பேர் விழுந்தார்கள். அடிக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. துரத்தினால் சாவு, துரத்தாவிட்டாலும் சாவு.

இந்தச் சமயத்தில் குதிரைப்படை திரும்பி வந்து சேர்ந்தது. இனியாவது தப்பியிருக்கலாம். குதிரைகள் பெல்ட்டாஸ்டுகளை விரட்டிக்கொண்டே போயிருந்தால் அவர்கள் சிதறியிருப்பார்கள். ஆனால் குதிரைக்காரர்கள் காலாட்களுக்குச் சமமாக மெல்ல ஓடி, அவர்களோடேயே திரும்பினார்கள். குதிரை இருந்தும் பயனில்லை!

வரவர ஆள் குறைந்தார்கள். தாக்குகிறவர்களுக்குத் துணிச்சல் கூடியது. கடைசியில், கடலிலிருந்து கால் மைல், லெக்கேயத்திலிருந்து இரண்டு மைல் தூரத்தில் இருந்த ஒரு சிறு மேட்டில் ஒன்றுகூடி நின்றார்கள். துறைமுகத்தில் இருந்தவர்கள் இதைக் கண்டு படகுகளில் ஏறிக் கரையோரமாக வந்தார்கள். மேட்டில் நின்றவர்கள் அல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில், காலியாஸின் ஹாப்லைட்டுகளும் நெருங்கி வருவது தெரிந்தது. அவ்வளவுதான், ஸ்பார்ட்டா வரிசை உடைந்தது. சிலர் கடலில் குதித்தார்கள். சிலர் குதிரைகளோடு ஓடி லெக்கேயம் சேர்ந்தார்கள். மொத்தம் சுமார் 250 பேர் மாண்டார்கள்.

இதை விவரமாக எழுதிவைத்த செனபோன் பிறப்பால் ஏதென்ஸ்காரர். மனத்தால் ஸ்பார்ட்டாவின் அபிமானி. மன்னர் அஜெசிலேயஸுடன் நெருங்கிப் பழகியவர். தம் பக்கம் பட்ட அடியை மறைக்காமல், ஒவ்வொரு பாய்ச்சலிலும் என்ன தவறு நடந்தது என்று ஒரு படைவீரனின் கண்ணோடு எழுதியிருக்கிறார். அவருடைய நேர்மையால்தான் இபிக்ராட்டிஸின் பெருமை நமக்குத் தெரிகிறது.

ஏரிக்கரையில் காத்திருந்த தூதர்கள் என்ன ஆனார்கள்? மறுநாள் மன்னர் கூப்பிட்டுக் கேட்டபோது, அவர்கள் சமாதானம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கொரிந்தில் இருக்கும் தங்கள் வீரர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார்கள்! மன்னர் படையோடு கொரிந்து வரை சென்று, மரங்களை வெட்டிக் கொளுத்திக் காட்டினார். எதிர்த்து யாரும் வெளியே வரவில்லை. பிறகு ஊர் திரும்பினார். வழியில் உள்ள ஊர்களில் இருட்டிய பிறகு நுழைந்து, விடிவதற்கு முன்பே கிளம்பினார். மான்டினியா நகரத்தை மட்டும் விடியும் முன்பே இருட்டில் கடந்து போய்விட்டார். பூச்சாண்டிப் பரிகாசத்துக்கு ஆளானவர்களில் அந்த ஊர்க்காரர்களும் உண்டு. அவர்கள் முகத்தில் மலரும் புன்னகையைப் பார்க்கத் தம் வீரர்கள் பொறுக்கமாட்டார்கள் என்று அவர் எண்ணினார்.

கல்யாணமும் வெண்ணெயும்

இந்த வெற்றிக்குப் பின் கொரிந்தையே ஏதென்ஸுக்காகப் பிடித்துக்கொள்ள இபிக்ராட்டிஸ் விரும்பினார். ஏதென்ஸ் மக்கள் இணங்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். ஆனால் அவரைச் சும்மா வைத்திருக்கவும் முடியவில்லை. 8 கப்பல்களும் 1,200 பெல்ட்டாஸ்டுகளும் கொடுத்து டார்டனெல்ஸ் ஜலசந்திக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்பார்ட்டாத் தளபதி அனாக்சிபியஸ் ஊருக்குத் திரும்பும் வழியில், இரவோடு இரவாகக் கடலைக் கடந்து மலைச்சரிவில் பதுங்கினார். கப்பல்களை வேறு திசையில் போகவிட்டு, தாம் அந்தப் பக்கம் போய்விட்டதாக நம்பவைத்தார். அனாக்சிபியஸ் அஜாக்கிரதையாக வந்து, அங்கேயே போரிட்டு மாண்டார்.

கி.மு. 386-ல் பாரசீக மன்னர் வகுத்த சமாதானத்தோடு யுத்தம் நின்றது. யுத்தம் நின்றால் படைத்தலைவனுக்குப் பிழைப்பு ஏது? இபிக்ராட்டிஸ் திரேஸுக்குப் போய் அங்குள்ள மன்னர்களிடம் சேவை செய்தார். காட்டிஸ் மன்னன் குடும்பத்தில் பெண் எடுத்தார். எண்ணெய் உண்ணும் ஏதென்ஸ்காரர்களுக்கு வெண்ணெய் உண்ணும் திரேஸ்காரர்கள் என்றாலே சிரிப்பு. அந்தக் கல்யாண விருந்தை ஏதென்ஸ் நாடக மேடையில் ஏற்றிக் கேலி செய்தார்கள். இந்தத் தம்பதியின் மகன் மெனஸ்தியஸ். தந்தையிடம் மதிப்பு அதிகமா, தாயிடமா என்று அவரைக் கேட்டபோது, தாயிடம்தான் என்றாராம். தந்தை தம்மால் ஆனவரை மகனைத் திரேஸ்காரனாக்கினார். தாயோ ஏதென்ஸ்காரனாக்கினாள் என்பது அவர் சொன்ன காரணம்.

நைல் நதியின் முகத்துவாரத்தில்

கி.மு. 374-ஐ ஒட்டி, கலகம் செய்த எகிப்தைத் திரும்பப் பிடிக்கப் பாரசீகம் பெரும்படை திரட்டியது. தலைமை, கிழத் தளபதி ஃபார்னபாசஸ். கிரேக்கக் கூலிப்படைக்கு இபிக்ராட்டிஸ். நைல் நதியின் மெண்டிஸ் கிளை கடலில் கலக்கும் இடத்தில் இறங்கி, அங்கிருந்த கோட்டையைப் பிடித்தார்கள். தலைநகரான மெம்ஃபிஸில் போதிய காவல் இல்லை என்று கைதிகள் மூலம் தெரிந்தது. உடனே நதிவழியே போய் மெம்ஃபிஸைப் பிடித்துவிட வேண்டும் என்று இபிக்ராட்டிஸ் துடித்தார். ஃபார்னபாசஸ் மறுத்தார். முழுப்படையும் வரட்டும் என்றார். இந்த கிரேக்கர் எகிப்தைத் தமக்கே வைத்துக்கொள்வாரோ என்ற சந்தேகம் வேறு. இரண்டு தளபதிகளும் வாதாடிக்கொண்டிருந்தபோது நைல் நதியில் வெள்ளம் வந்தது. எகிப்தியர்கள் மெம்ஃபிஸைப் பலப்படுத்திக்கொண்டார்கள். படையெடுப்பு தோல்வி. பழி தம் தலையில் விழும் என்று உணர்ந்த இபிக்ராட்டிஸ், இரவில் ரகசியமாகக் கப்பலேறி ஏதென்ஸுக்கு ஓடிவந்துவிட்டார். பாரசீகரிடம் சிறைப்பட்ட கோனானின் கதி அவருக்கு மறக்கவில்லை.

இந்தக் காலத்தில்தான் அவர் ஆயுதங்களைத் திருத்தி அமைத்தார் என்று டையோடரஸ் எழுதுகிறார். பெரிய கேடயத்துக்குப் பதில் சிறிய பெல்ட்டே. ஈட்டியின் நீளம் ஒன்றரை மடங்கு, வாளின் நீளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெண்கலக் கவசத்துக்குப் பதில் சணல்துணிக் கவசம் என்பதை ரோமானியர் நெப்போஸ் சேர்த்துச் சொல்கிறார். இருவரும் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தியவர்கள். சமகாலத்தவரான செனபோன் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆகவே சில ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சீர்திருத்தமே நடக்கவில்லை என்கிறார்கள். எகிப்தில் எதிர்ப்படும் குதிரைப்படையைச் சமாளிக்க ஒரு பகுதிப் படைக்கு மட்டும் நீள ஈட்டி கொடுத்திருப்பார் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கருத்தே பொருத்தமாகப் படுகிறது. முன்பு லெக்கேயத்தில் வென்ற எறியீட்டிக்காரனுக்குப் பன்னிரண்டடி ஈட்டியால் பயனில்லை. ஆனால் கவசம் வாங்க வசதியில்லாத ஆளை வரிசையில் நிறுத்த வேண்டுமானால், இலேசான கேடயத்தையும் நீள ஈட்டியையும் கொடுப்பதே மலிவான வழி.

ஒன்று மட்டும் நிச்சயம். படைவீரர்களுக்காக அவர் புதிய மாதிரி பூட்ஸ் செய்துகொடுத்தார். கனமில்லாதது, சுலபமாகக் கட்டி அவிழ்க்கக் கூடியது. அவர் பெயரையே வைத்து அதை இபிக்ராட்டிட் என்று பின்னால் வந்த தலைமுறைகளும் அழைத்தன. தந்தையின் தொழில் மகனுக்கு மறக்கவில்லை போலும்!

கடலிலும் அவர் சோடைபோகவில்லை. கி.மு. 372-ல் கார்சைரா தீவை மீட்கக் கப்பற்படையோடு போனபோது, பெரிய பாய்களைக் கரையிலேயே விட்டுவிட்டார். துடுப்புப் போட்டே போக வேண்டும். சாப்பாட்டு வேளையில் கரையைப் பார்த்துக் கப்பல்களை வரிசையாக நிறுத்தி, பந்தயம் விடுவார். முதலில் கரை சேர்ந்தவனுக்குத் தண்ணீரும் சாப்பாடும் முதலில். கடைசியில் வந்தவன் எல்லாவற்றிலும் கடைசி. பயணமும் முடிந்தது, பயிற்சியும் முடிந்தது. கார்சைராவில் சம்பளம் கொடுக்கப் பணம் போதவில்லை. மாலுமிகளைத் தீவு விவசாயிகளின் வயல்களில் கூலிவேலைக்கு அனுப்பிச் சமாளித்தார்.

ராணியின் குழந்தைகள்

அரசியல் எப்படியெல்லாம் சுற்றி வருகிறது, பாருங்கள். கி.மு. 371-ல் லூக்ட்ரா போர்க்களத்தில் ஸ்பார்ட்டாவைத் தீப்ஸ் முறியடித்தது. தீப்ஸின் வளர்ச்சிக்குப் பயந்த ஏதென்ஸ், பழைய பகையை மறந்து ஸ்பார்ட்டாவுக்கே உதவிப்படை அனுப்பியது. அந்தப் படையின் தலைவராகச் சென்றவர் இபிக்ராட்டிஸ்! ஸ்பார்ட்டா வீரர்களைக் கடலுக்குள் விரட்டியவர், ஸ்பார்ட்டாவைக் காப்பாற்றப் போனார். அந்தப் பயணத்தில் அவர் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. திரும்பிப் போன தீப்ஸ் படையைக் கணவாயில் மடக்கத் தவறினார் என்று செனபோன் கடிந்துகொள்கிறார்.

அதன்பின் வடக்கே ஆம்ஃபிபோலிஸ் நகரத்தைப் பிடிக்க அனுப்பப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் முயன்றும் அது கைகூடவில்லை. ஆனால் அங்கிருந்தபோது வேறொரு காரியம் செய்தார். மாசிடோனியா மன்னர் அமிந்தாஸ் உயிரோடு இருந்தபோது இபிக்ராட்டிஸைத் தத்துப்பிள்ளைபோல் பாவித்தவர். அவர் இறந்த பின், மூத்த மகனும் கொலையுண்டான். பாசேனியஸ் என்பவன் அரியணைக்கு உரிமை கொண்டாடிப் படையோடு நுழைந்தான். விதவை ராணி யூரிடிசி, மிஞ்சிய இரண்டு பிள்ளைகளோடு இபிக்ராட்டிஸை வரவழைத்தாள். பெர்டிக்காஸை அவர் கைகளில் ஒப்படைத்து, இளையவன் ஃபிலிப்பை அவர் மடியில் உட்காரவைத்துக் காப்பாற்றும்படி கெஞ்சினாள் என்று, பின்னாளில் ஏதென்ஸ் தூதராகப் போன ஈஸ்கினிஸ் சொல்கிறார். அப்போது ஃபிலிப்புக்கு வயது பதின்மூன்று, பதினான்கு இருக்கும். மடியில் உட்காரும் வயதல்ல. பேச்சாளர்கள் கொஞ்சம் மெருகேற்றுவது எந்தக் காலத்திலும் உண்டு. இபிக்ராட்டிஸ் பாசேனியஸை விரட்டினார். ராணியின் பிள்ளைகளுக்கு அரியணை தப்பியது.

ஆம்ஃபிபோலிஸ் பொறுப்பைக் கோனானின் மகன் திமோத்தியஸிடம் ஏதென்ஸ் கொடுத்ததும், இபிக்ராட்டிஸ் மீண்டும் மாமனார் நாடான திரேஸுக்குப் போனார். அங்கே அவர் செய்தது இன்றும் நெருடுகிறது. காட்டிஸ் மன்னனுக்காக ஏதென்ஸ் தளபதிகளையே எதிர்த்துக் கடலில் போரிட்டார். வெண்கலச் சிலை வைத்து, நகர மண்டபத்தில் ஆயுள் முழுதும் விருந்துரிமை கொடுத்துக் கௌரவித்த நகரத்துக்கு எதிராக! ஆனால் ஏதென்ஸின் சொந்த ஊர்களையே முற்றுகையிட மன்னன் கூப்பிட்டபோது மறுத்துவிட்டார். அங்கே இருந்தால் ஆபத்து, ஏதென்ஸ் திரும்பினாலும் ஆபத்து. லெஸ்பாஸ் தீவிலும் திரேஸ் கடற்கரையிலுமாகச் சில காலம் ஒதுங்கி இருந்தார். கூலிக்குப் போரிடும் வாழ்க்கையில் சொந்த நாடு என்பது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஏதென்ஸ் அவரை மன்னித்து ஏற்றுக்கொண்டது. ஆனால் அவருடைய பிறப்பைச் சிலர் மன்னிக்கவில்லை. சிலை வைப்பதைப் பற்றிய வழக்கில் எதிர்த்து நின்றவர் ஹார்மோடியஸ் என்பவர். கொடுங்கோலனைக் கொன்ற புகழ்பெற்ற ஹார்மோடியஸின் வம்சம். செருப்புத் தைப்பவன் மகன் என்று அவர் இழிவாகப் பேசவே, தம் குலம் தம்மிடம் தொடங்குகிறது, எதிராளியின் குலமோ அவரோடு முடிகிறது என்ற பொருள்பட இபிக்ராட்டிஸ் பதில் கொடுத்தாராம். சிலை வைக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த யாத்திரிகர் பாசேனியஸ், பார்த்தினான் கோயில் வாசலில் அவருடைய சிலை ஒன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார்.

கடைசி வழக்கு

கி.மு. 356-ல், கலகம் செய்த நேச நாடுகளை எதிர்த்து ஏதென்ஸ் ஒரு கப்பற்படை அனுப்பியது. இபிக்ராட்டிஸ், அவர் மகன் மெனஸ்தியஸ், திமோத்தியஸ் ஆகியோர் ஒரு பக்கம். கேரிஸ் என்ற தளபதி ஒரு பக்கம். எம்பாட்டா அருகே புயல் வீசிக்கொண்டிருந்தது. கேரிஸ் சண்டை போட வேண்டும் என்றார். இந்தக் காற்றில் முடியாது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். கேரிஸ் தனியே போய் அடிபட்டார். அடிபட்டவர், எதிரியிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு கைவிட்டுவிட்டார்கள் என்று கூட்டாளிகள்மேல் குற்றம் சாட்டி ஏதென்ஸுக்கு எழுதினார்.

வழக்கு நடந்தது. கிழவராகிவிட்ட இபிக்ராட்டிஸ், குறுவாள் மறைத்த இளைஞர் சிலரை நீதிபதிகள் கண்ணில் படும்படி உட்காரவைத்திருந்தார் என்று கதை. குறுவாளாலோ நியாயத்தாலோ, அவரும் மகனும் விடுதலை ஆனார்கள். திமோத்தியஸுக்கு 100 டாலண்ட் அபராதம். கட்ட முடியாமல் நாட்டைவிட்டே போய், கால்சிஸில் இறந்தார். மக்கள் பிறகு மனம் இளகி அபராதத்தில் ஒன்பது பங்கைத் தள்ளுபடி செய்தார்கள். மிச்சமிருந்த 10 டாலண்டுக்கு, மதில்களில் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும்படி திமோத்தியஸின் மகனுக்கு உத்தரவாயிற்று. அந்த மகனுக்குத் தாத்தாவின் பெயர், கோனான். அந்த மதில்களைத் திரும்பக் கட்டியதும் அந்தத் தாத்தாதான்.

இபிக்ராட்டிஸ் அதற்குப் பிறகு போர்முனைக்குப் போகவில்லை. சுமார் கி.மு. 353-ல் ஏதென்ஸில் காலமானார்.

அவர் காப்பாற்றிக் கொடுத்த ஃபிலிப், கி.மு. 359-ல் மாசிடோனியாவின் ஆட்சிக்கு வந்தான். குடியானவர்களையும் இடையர்களையும் திரட்டி, கழுத்தில் தொங்கும் சிறு கேடயத்தையும் பதினைந்து பதினெட்டு அடி நீள ஈட்டியையும் கொடுத்து ஒரு புதிய படையை உண்டாக்கினான். கி.மு. 338-ல், கெரோனியா சமவெளியில் அந்தப் படையின் எதிரே ஏதென்ஸின் ஹாப்லைட்டுகள் பழைய வழக்கப்படி வரிசையாக நின்றார்கள். அன்று ஏதென்ஸ் தரப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2,000 பேருக்குக் குறையாமல் சிறைப்பட்டார்கள்.